பிள்ளைகள் காத்திருக்கிறார்கள், பெரியவர்கள் எங்கே?

ஒரு சாரணர் படையில் நான்கு அணிகள் இருக்கலாம். ஓர் அணிக்கு ஆறு முதல் எட்டுப் பேர். ஆக, முழுப் படை என்பது 32 பிள்ளைகள். நான் அங்கம் வகிக்கும் குழுவின் படையில் பள்ளி திறந்த சில வாரங்களிலேயே அத்தனை இடமும் நிரம்பிவிட்டது. இன்னொரு படை தொடங்கும் அளவுக்குப் பிள்ளைகள் பெயர் கொடுத்துவிட்டு நிற்கிறார்கள். "எங்க அணி எப்ப சார் ஆரம்பிக்கும்?" என்று எதிர்ப்படும்போதெல்லாம் கேட்கிறார்கள். மைதானம் இருக்கிறது. கயிறும் மூங்கிலும் இருக்கின்றன. சீருடை வாங்க முடியாத பிள்ளைகளுக்கு வாங்கித் தர முன்னாள் மாணவர்கள் முன்வந்திருக்கிறார்கள். வாரம் ஒரு மாலை தவறாமல் வந்து நிற்க ஒரு பெரியவர் கிடைக்கவில்லை. அதனால் இரண்டாவது படை இன்னும் காகிதத்திலேயே இருக்கிறது.

சாரணர் இயக்கம் தளர்ந்துவிட்டது என்று பேசுபவர்கள் பிள்ளைகளைத்தான் குறை சொல்கிறார்கள். கைபேசியை விட்டு எழ மாட்டார்கள், வெயிலில் நிற்க மாட்டார்கள் என்கிறார்கள். நான் பார்த்தவரை அது உண்மையில்லை. பத்து வயதுப் பிள்ளையின் கையில் கயிற்றைக் கொடுத்து, இதைக்கொண்டு உன் நண்பனைக் கிணற்றிலிருந்து தூக்க முடியும் என்று சொல்லிப் பாருங்கள். அன்று மாலை முழுக்கக் கயிறு அந்தக் கையைவிட்டு இறங்காது. பற்றாக்குறை பெரியவர்களிடம்தான் இருக்கிறது.

இந்த இயக்கத்தின் வரலாற்றை 1907 ஆகஸ்ட்டிலிருந்து தொடங்குவது வழக்கம். இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் இருபது சிறுவர்களைக் கூட்டி முகாம் நடத்தினார். வசதியான வீட்டுப் பிள்ளைகளும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளும் ஒரே அணியில் கலந்து இருந்தார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அடுத்த ஆண்டு நடந்தது. 'ஸ்கவுட்டிங் ஃபார் பாய்ஸ்' 1908 தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு பகுதியாக ஆறு பகுதிகள் வெளிவந்தது. ஏற்கெனவே இயங்கிவந்த சிறுவர் அமைப்புகள் அதிலுள்ள பயிற்சிகளை எடுத்துக்கொள்ளும் என்றுதான் பேடன் பவல் எண்ணியிருந்தார். ஆனால் பிள்ளைகள் அதைத் தங்கள் காசில் வாங்கிப் படித்து, தாங்களாகவே நாலைந்து பேராகச் சேர்ந்து அணி அமைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு, தங்களுக்குச் சாரண ஆசிரியராக இருக்கச் சம்மதிக்கும் ஒரு பெரியவரைத் தேடித் தெருத்தெருவாகப் போனார்கள். 1909-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த பெரும் பேரணிக்கு அழைப்பில்லாமலேயே சிறுமிகளும் வந்து நின்றார்கள். தாங்களும் சாரணர்தான் என்றார்கள். மறு ஆண்டே பெண்களுக்கான இயக்கம் பிறந்தது. அதை வழிநடத்தப் பேடன் பவலின் சகோதரி ஆக்னஸ் முன்வந்தார்.

நம் நாட்டிலும் கதை ஏறக்குறைய இதுதான். 1909-இல் பெங்களூரில் முதல் படை தொடங்கியபோது ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்களுக்கு மட்டுமே அதில் இடம். இந்தியப் பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்றார்கள். 1916-இல் சென்னையில் அன்னி பெசன்ட், அருண்டேலுடன் சேர்ந்து இந்தியச் சிறுவர்களுக்கென்றே ஒரு சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். வடக்கே மதன்மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் சேவா சமிதியின் பெயரில் அதையே செய்தார்கள். 1921-இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது, நம் பிள்ளைகளுக்கு இது ஒத்துவருமா என்ற கேள்விக்கே இடமில்லாமல் போயிருந்தது. இப்படித் தனித்தனியாக இயங்கிய அமைப்புகள் ஒன்றுசேர்ந்து 1950 நவம்பர் 7-ஆம் நாள் பாரத சாரணர் இயக்கம் உருவானது. அடுத்த ஆண்டு சாரணியர் சங்கமும் இணைந்தது. கேட்டு நின்ற பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் சிலர் தங்கள் நேரத்தைக் கொடுத்தார்கள். நம் நாட்டில் சாரணர் இயக்கம் வேர் பிடித்தது அதனால்தான்.

இன்று தமிழ்நாட்டில் பெரும்பாலான படைகள் பள்ளிக்கூடங்களில் இருக்கின்றன. படையை நடத்துபவர் அந்தப் பள்ளியின் ஆசிரியர். பாடம், எமிஸ் இணையதளப் பதிவு, தேர்வுப் பணி, தேர்தல் பணி இத்தனைக்கும் நடுவில்தான் அவர் பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்து வருகிறார். பெரும்பாலும் தன் கைக்காசையும் செலவழிக்கிறார். அவருக்கு இடமாறுதல் வந்தால் படையும் அன்றோடு நின்றுபோகிறது. கொடி, கயிறு, முதலுதவிப் பெட்டி எல்லாம் அறிவியல் ஆய்வக அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடுகின்றன. மூன்று ஆண்டுகள் பாடுபட்டு மூன்றாம் படியான திருதிய சோபான் வரை வந்த பிள்ளை, மாநில விருதான ராஜ்ய புரஸ்கார் தேர்வு முகாமுக்குப் போக முடியாமல் பத்தாம் வகுப்பை முடித்துவிட்டு வெளியேறுகிறது. இதை நான் ஓர் ஊரில் மட்டும் பார்க்கவில்லை.

படையை ஆசிரியர்தான் நடத்த வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. பள்ளியைச் சாராத திறந்த படைகளுக்கும் இயக்கத்தின் விதிகளில் இடமுண்டு. பெற்றோரும் ஊர்க்காரர்களும் இடம்பெறும் குழுவொன்று படைக்குத் துணை நிற்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் உள்ளதுதான். பல ஊர்களில் அந்தக் குழு பதிவேட்டில் மட்டும் இருக்கிறது. அது உயிரோடு இருந்தால், ஆசிரியர் மாறினாலும் படை மாறாது.

வரப்போகும் மாதங்களில் படைக்கு என்னென்ன வேலை இருக்கிறது, எங்கெங்கே ஆள் தேவைப்படுகிறது என்று பார்த்தால் இது விளங்கும். ஆகஸ்ட் முதல் நாள் உலகெங்கும் பழைய சாரணர்களும் புதியவர்களும் கழுத்துத் துணி அணியும் நாள். பதினைந்தாம் நாள் கொடியேற்றமும் அணிவகுப்பும். இரண்டுக்கும் பெரிதாக உதவி வேண்டியதில்லை, பள்ளியே பார்த்துக்கொள்ளும். வேலை தொடங்குவது அதற்குப் பிறகுதான்.

ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதமும் முடிச்சும் முதலுதவியும். ரீஃப் நாட், ஷீட் பெண்ட், கிளவ் ஹிட்ச், போலைன் என்று புத்தகத்தில் படம் போட்டிருக்கும். படத்தைப் பார்த்துக் கட்டுகிற பிள்ளை மறுவாரமே மறந்துவிடுகிறது. நம் ஊர்களிலோ கயிற்று வேலை தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நெல் மூட்டை ஏற்றிய லாரிக்குத் தார்ப்பாய் போட்டுக் கட்டுபவர், படகைக் கரையில் பிணைக்கும் மீனவர், சாரம் கட்டும் கொத்தனார் ஆகியோரின் கைகளில் இந்த முடிச்சுகள் வேறு பெயர்களில் வாழ்கின்றன. இவர்களில் ஒருவர் இரண்டு சனிக்கிழமை மாலை வந்தால் போதும். அவிழாத முடிச்சு உயிரைக் காப்பாற்றும், இறுகிக்கொள்ளும் முடிச்சு கழுத்தை நெரிக்கும் என்பதை வேலையில் கற்றவர் சொல்லும்போது பிள்ளைகள் கேட்கிற விதமே தனி.

முதலுதவிக்கு ஒரு செவிலியர் வேண்டும், தீயணைப்பு நிலையத்திலிருந்து ஒருவர் வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு எல்லாவற்றுக்கும் முன்பாகச் சொல்லித்தர வேண்டியது நீரைப் பற்றி. விடுமுறை நாளில் குளத்திலும் கல்குவாரியிலும் பிள்ளைகள் மூழ்கிய செய்தியைப் படிக்கும்போது பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் இருக்கும். ஒருவனைக் காப்பாற்ற இன்னொருவன் குதித்திருப்பான். குதிக்காதே, கத்தி ஆளைக் கூப்பிடு, கழியை நீட்டு, கயிற்றில் காலிப் பிளாஸ்டிக் குடத்தைக் கட்டி வீசு, கையில் ஒன்றுமில்லை என்றால் சேலையையோ வேட்டியையோ வீசு. இதை வாயால் சொன்னால் போதாது. கரையில் நிற்கவைத்துப் பலமுறை வீசிப் பழக்க வேண்டும். அப்படிப் பழக்கும்போது நீச்சல் தெரிந்த இரண்டு பெரியவர்கள் பக்கத்தில் இல்லாமல் பிள்ளைகளை நீர்நிலைக்கு அழைத்துப் போகவே கூடாது. ஒற்றை ஆசிரியர் உள்ள படை இந்தப் பயிற்சியைத் தவிர்த்துவிடுவது அதனால்தான். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நம் ஊரில் உயிரைக் காக்கக்கூடிய பயிற்சி அதுவாகத்தான் இருக்கும்.

மயங்கி விழுந்து மூச்சும் நின்றவருக்கு நெஞ்சழுத்தம் தருவதும் அப்படித்தான். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழம் என்பதைப் பொம்மையின் மேல் அழுத்திப் பார்க்காமல் கற்க முடியாது. சின்னப் பிள்ளைகளுக்கு அந்த அளவு வலு இருக்காது. ஆனால் 108-ஐ அழைத்து இடத்தைத் தெளிவாகச் சொல்லவும், அருகில் உள்ள பெரியவருக்கு எண்ணிக்கை சொல்லவும் அவர்களால் முடியும். பொம்மை வைத்திருக்கும் மருத்துவமனையோ கல்லூரியோ ஒரு மாலைக்கு அதைக் கொடுத்து உதவினால் பெரிய காரியம்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பரில் தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களில் பெய்ததை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பதிவானது. அப்படிப்பட்ட வெள்ளத்தில் பிள்ளைகளை இறக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. அவர்களுடைய வேலை மழைக்கு முன்னால் இருக்கிறது. தங்கள் தெருவில் தனியாக இருக்கும் முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள், நிறைமாதக் கர்ப்பிணிகள் வீடு எது எது என்று வரைபடம் போட்டு கிராம நிர்வாக அலுவலரிடமோ வார்டு உறுப்பினரிடமோ கொடுக்கலாம். வயிற்றுப்போக்குக்கு ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்க வேண்டும் என்பதை வீடு வீடாகப் போய்ச் செய்து காட்டலாம். இடி இடிக்கும்போது மரத்தடியில் ஒதுங்கக் கூடாது என்று சின்ன வகுப்புகளில் போய்ச் சொல்லலாம். ஒவ்வோர் அணியோடும் தெருவில் நடந்துபோக ஒரு பெரியவர் வேண்டும். நான்கு அணிக்கு நான்கு பேர், இரண்டு சனிக்கிழமை. கேட்பது அவ்வளவுதான்.

அக்டோபரின் மூன்றாவது வார இறுதியில் உலகச் சாரணர்கள் வானொலி வழியாகவும் இணையம் வழியாகவும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் சந்திப்பு நடக்கிறது. ஊரில் ஹாம் வானொலி உரிமம் வைத்திருப்பவர் யாராவது இருந்தால் தங்கள் கருவியோடு வரலாம். 2004 சுனாமியில் அந்தமானின் தொலைத்தொடர்பு அறுந்தபோது செய்தி வெளியே வரக் காரணமாக இருந்தவர்களில் இப்படிப்பட்ட ஹாம் ஆர்வலர்களும் உண்டு. அந்தக் கதையோடு கருவியையும் பார்க்கும் பிள்ளை அதை எளிதில் விடாது.

நவம்பர் 7 இயக்கத்தின் நிறுவன நாள். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு, யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம். மழை ஓய்ந்து பனி இறங்கும் ஜனவரியில்தான் முகாம்.

முகாமைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஆள் இல்லாமல் ஆண்டுதோறும் தள்ளிப்போவது அதுதான். அணி என்பதன் பொருளைப் பிள்ளைகள் அங்கேதான் உணர்கிறார்கள். கூடாரத்தின் முளை ஆழமாக இறங்கவில்லையென்றால் நள்ளிரவில் துணி மேலே விழும், அணித்தலைவன் எட்டுப் பேரையும் எழுப்பி மறுபடி அடிக்க வேண்டும். அடுப்பு பற்றவில்லையென்றால் அன்றைக்குச் சோறு தாமதம். பாத்திரமில்லாமல் சமைக்கச் சொல்லிக் கொடுக்கும் பயிற்சி ஒன்று உண்டு. ஜனவரி அதற்கென்றே அமைந்த மாதம். சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சாம்பலில் புதைத்துச் சுடலாம், பனங்கிழங்கைத் தீயில் வாட்டலாம். அதே பொங்கல் நாட்களில் தமிழ்நாடெங்கும் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். முகாமில் விடியற்காலை இரண்டு மணி நேரம் அதற்கு ஒதுக்கலாம். இயற்கையறிவுக்கான பயிற்சிக்கு இதைவிட நல்ல பாடம் ஏது? பறவைகளைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டத் தெரிந்த ஒருவர், ஓரிரு பைனாகுலர், அவ்வளவு போதும்.

ஆனால் 32 பிள்ளைகளை இரண்டு இரவு வெளியில் தங்கவைக்க எத்தனை பெரியவர்கள் வேண்டும்? எட்டுப் பேருக்கு ஒருவர் என்றால் நான்கு. முதலுதவிக்கு ஒருவர், பண்டக சாலைக்கு ஒருவர், அவசரத்துக்கு வண்டியோடு இருக்க ஒருவர், இரவில் விழித்திருக்க முறைவைத்து மாற்றிக்கொள்ள இன்னும் ஒருவர். ஆக எட்டுப் பேருக்குக் குறையாது. நாற்பது பேருக்குக் குடிக்க மட்டும் நாளொன்றுக்கு 150 லிட்டருக்கு மேல் நீர் வேண்டும், சமையலுக்கும் கழுவலுக்கும் தனி. கழிப்பிடத்துக்கு மண்வெட்டி பிடித்துக் குழி வெட்ட வேண்டும், ஒவ்வொரு முறையும் மண் போட்டு மூட வேண்டும், கை கழுவும் இடம் அதன் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இதெல்லாம் முகாம் தொடங்குவதற்கு முதல் நாளே முடிந்திருக்க வேண்டிய வேலை.

இந்த ஆயத்தம் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு 2023 ஆகஸ்ட்டில் தென்கொரியாவின் சேமங்கமில் நடந்த உலகச் சாரணர் பெருந்திரளணியான ஜம்போரியே சாட்சி. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடிய அந்த நிலத்தில் நிழல் இல்லை, கழிப்பறைகள் சுத்தமாக இல்லை. கடும் வெயிலில் நூற்றுக்கணக்கானோர் நோய்வாய்ப்பட்டார்கள். பிரிட்டன், அமெரிக்கக் குழுக்கள் பாதியிலேயே வெளியேறின. கடைசியில் சூறாவளி வருகிறதென்று எல்லோரையும் அப்புறப்படுத்த வேண்டியதாயிற்று. பணத்துக்குக் குறைவில்லாத நாட்டிலேயே இது நடந்தது. பிள்ளைகள் பக்கம் எந்தக் குறையும் இல்லை, பெரியவர்கள் பார்த்திருக்க வேண்டியதைப் பார்க்கவில்லை.

சாரணியர் நிலை இன்னும் கடினம். பெண் பிள்ளைகளின் படைக்குத் தலைமை ஏற்பவர் பெண்ணாக இருக்க வேண்டும். முகாமில் அவர்களோடு தங்கப் பெண்கள் வேண்டும். ஆசிரியைகள் பலருக்கு விருப்பம் இருக்கிறது, ஆனால் இரண்டு இரவு வீட்டைவிட்டு வெளியே தங்க முடிவதில்லை. கைக்குழந்தை, மாமியாருக்கு மருந்து, மறுநாள் சமையல் என்று வீட்டின் முழுப் பாரமும் அவர்கள் தோளில் இருக்கிறது. சாரணியர் முகாம் நடக்க வேண்டுமென்றால் முதலில் அந்த வீடுகளில் கணவரும் மாமனாரும் இரண்டு நாள் அடுப்படியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இதையும் நான் தொண்டு என்றே கணக்கில் வைக்கிறேன். கல்லூரியில் படிக்கும் திரி சாரணியர், மகளிர் சுய உதவிக் குழுக்களில் இருப்பவர்கள், ஓய்வுபெற்ற செவிலியர்கள் இவர்களில் யார் வந்தாலும் ஓர் அணிப் பிள்ளைகளுக்கு முகாம் கிடைக்கும்.

யார் வந்தாலும் என்று சொன்னேன். ஆனால் வந்தவரையெல்லாம் விசாரிக்காமல் சேர்த்துக்கொள்ள முடியாது. 2024 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போலி என்.சி.சி. முகாம் நடத்தி மாணவிகளிடம் பாலியல் வன்கொடுமை செய்த சம்பவம் வெளிவந்ததை நாம் மறக்கக் கூடாது. சீருடை போட்டு விசில் ஊதினால் நம் பள்ளிகள் கதவைத் திறந்துவிடுகின்றன என்பதை அந்தக் கயவர்கள் தெரிந்துவைத்திருந்தார்கள். ஆகவே உதவிக்கு வரும் ஒவ்வொருவரும் மாவட்டச் சாரணர் அலுவலகத்தின் வழியாகவே வர வேண்டும். காவல்துறைச் சரிபார்ப்பு கட்டாயம். எந்த நேரத்திலும் ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் தனித்திருக்கக் கூடாது, எப்போதும் இருவர். பெரியவர் கூடாரம் வேறு, பிள்ளைகள் கூடாரம் வேறு. தனிப்பட்ட வாட்ஸ்அப் செய்தி கூடாது. 1098 என்ற எண் ஒவ்வொரு பிள்ளைக்கும் மனப்பாடமாகத் தெரிய வேண்டும், போக்சோ சட்டம் என்ன சொல்கிறது என்பது ஒவ்வொரு பெரியவருக்கும் தெரிய வேண்டும். தன்னை விசாரிப்பதா என்று இதில் எவரும் மனம் வருந்த வேண்டியதில்லை. வருந்துகிறவர் வேறு தொண்டைத் தேடிக்கொள்ளட்டும்.

அரசும் செய்ய வேண்டியது உண்டு. 2025 ஜனவரி கடைசியில் மணப்பாறை சிப்காட் வளாகத்தில் இயக்கத்தின் வைரவிழாப் பெருந்திரளணி நடந்தது. பல மாநிலங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வந்து தங்கினார்கள். சாரணர் இயக்கத்துக்கு 10 கோடி ரூபாயில் புதிய தலைமை அலுவலகம் கட்டப்படும் என்று முதல்வர் அதன் நிறைவு விழாவில் அறிவித்தார். மகிழ்ச்சியோடு வரவேற்கிறேன். அதே அக்கறை வாராந்திரக் கூட்டம் நடக்கும் மைதானங்களுக்கும் வர வேண்டும். சாரண ஆசிரியர் செலவிடும் நேரத்தை அவருடைய பணி நேரமாகவே கணக்கிட வேண்டும். அவர் மாறுதலாகிப் போகும்போது, பயிற்சி பெற்ற இன்னொருவர் பொறுப்பேற்றதைத் தலைமையாசிரியர் எழுதிச் சான்றளிக்க வேண்டும். ஒரு வாரம் தங்கிப் படிக்கும் அடிப்படைப் பயிற்சிக்கு வெளியிலிருந்து வரும் தொண்டர்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது. வங்கி, போக்குவரத்துக் கழகம், மின்வாரியம் போன்ற நிறுவனங்கள் அந்த ஒரு வாரத்துக்குத் தங்கள் ஊழியர்களுக்கு ஊதியத்தோடு விடுப்பு தரலாம்.

ஜனவரி முகாமில் பொறுப்பு ஏற்க விரும்புபவர் இப்போதே தொடங்கினால்தான் சரிபார்ப்பும் அடிப்படைப் பயிற்சியும் அக்டோபருக்குள் முடியும். சனிக்கிழமை மாலை உங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்துக்குப் போய் அங்கே படை இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் சாரண ஆசிரியரிடம் உங்களுக்குத் தெரிந்த தொழிலையும் உங்களால் வர முடிந்த நேரத்தையும் சொல்லுங்கள். கணக்கெழுதத் தெரியும் என்றால் அதுவும் போதும், பல படைகளில் வரவு செலவை எழுத ஆளில்லை. படை இல்லையென்றால், அல்லது இருந்து நின்றுபோயிருந்தால், தலைமையாசிரியரைப் பார்த்து ஆய்வக அலமாரியின் மேல்தட்டில் கொடி இருக்கிறதா என்று விசாரியுங்கள். பிறகு மாவட்டச் சாரணர் அலுவலகத்துக்கு ஒரு மனு. அதில் உங்களோடு சேர்ந்து இன்னும் மூன்று பெற்றோர் கையெழுத்திட்டிருந்தால் குழுவுக்கு ஆள் கிடைத்தாயிற்று, அடுத்த வாரமே பிள்ளைகளிடம் பெயர் கேட்கத் தொடங்கலாம்.